கை பட்ட கல்

அருங்காட்சியகத்தின் பின்பக்கமாகப் போய்ப் பதினான்கு படி இறங்கினால் ஒரு நீள அறை வரும். மேலே கண்ணாடிப் பெட்டி, விளக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல் என்று ஜேஜே என்றிருக்கும். கீழே கல் மட்டும்தான். தரையில் கல், அலமாரியில் கல், சாக்கில் கல். அந்த அறையில் முப்பத்தோரு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளை எல்லோரும் கல்லக்கா என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுத்து யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சொன்னால் சொந்தக்காரர்களே சிரித்தார்கள். மண்ணைத் தோண்டி ஆராய்கிறவர்கள் சாக்குச் சாக்காகக் கல் அனுப்புவார்கள். அதில் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, பழங்காலத்து மனுஷன் கருவிக்காக உடைத்த கல்லா, தானாக உடைந்த கல்லா என்று அவள் சொல்ல வேண்டும். மேசையில் இரண்டு பெட்டி. ஒன்றின் மேல் ‘கை’ என்று எழுதி ஒட்டியிருந்தது, மற்றதன் மேல் ‘தானாக’ என்று. இதற்கு ஒரு ஆளா என்று கேட்கிறவர்கள் அரை நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். தலை சுற்றிப் படியேறி ஓடிவிடுவார்கள்.

கல்லின் ஓரத்தில் இன்னொரு கல்லால் அடித்தால் ஒரு சில்லு தெறிக்கும். தெறித்த இடத்தில் சிப்பி ஓட்டின் உட்புறம் போல ஒரு குழிவு நிற்கும். மலையிலிருந்து உருண்டு வந்த கல்லிலும் இந்தக் குழிவு உண்டு, ஆனால் கண்டபடி, மேலும் கீழுமாக இருக்கும். மனுஷன் அடித்ததில் ஒரே பக்கமாக, ஒன்றை ஒட்டி ஒன்றாக வரிசை போட்டிருக்கும். அந்த வரிசையைக் கல்லக்கா விரலாலேயே படிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை ஓரத்தில் ஓட்டி, “இவன் இடது கைக்காரன்” என்று ஒரே போடாகப் போடுவாள். மறுத்துப் பேச அங்கே யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒற்றைக் கல்லைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது கிடந்த இடத்தில் அதன் பக்கத்தில் கிடந்த இன்னும் நூறு கல்லையாவது பார்க்க வேண்டும். ஒரு மலை லட்சம் கல்லை உடைக்கிறது என்றால் அதில் ஒன்று தற்செயலாகக் கத்தி மாதிரி அமைந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினால் எப்பேர்ப்பட்டவரும் ஏமாந்துபோவார். வேலையில் சேர்ந்த முதல் நாளே அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் இருபது முப்பது பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அவள் அதை மீறினாள், அதுவும் வேலையில் சேர்ந்த மறு வருடமே.

அப்போது அருங்காட்சியகத்து ஜீப் ஓட்டுநராக இருந்தவர் அவளைவிட மூன்று வயது மூத்தவர். ஆள் ஒல்லி, பேச்சு ஜாஸ்தி. தோண்டுகிறவர்களை மலையடிவாரத்து முகாமில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வாரம் ஒரு முறை சாக்குகளோடு திரும்பி வருவார். ஒரு நாள் சாக்குகளை இறக்கி வைத்த பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கல். “கூடாரத்துக்குப் பின்னாடி கிடந்துச்சு. அழகா இருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன். சும்மா பாருங்க” என்றார்.

ஒரு பக்கம் மட்டும் பதினோரு குழிவு, பதினொன்றும் ஒரே சாய்வில். அவள் விரலை ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். கல்லைப் பார்த்தாளா, அதை நீட்டியவரைப் பார்த்தாளா என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. “கை” என்றாள். மழை பிடித்து முகாமைக் கலைத்துவிட்டார்கள், கூடாரத்துக்குப் பின்னால் கிடந்த வேறு கல் எதுவும் வரவேயில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஏனென்றால் அதற்குள் அப்போதைய காப்பாட்சியர் அந்தக் கல்லை முன்கூடத்தில் தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் படமும் எடுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் ஓட்டுநருக்கும் கல்லக்காவுக்கும் கல்யாணம். கல் சேர்த்து வைத்த ஜோடி என்று ஆபீஸே கிண்டல் செய்தது.

அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். ஆறு வயதில் காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டாள். இதை இதற்கு மேல் நீட்டிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஓட்டுநருக்கு அதற்குப் பிறகு வண்டி ஓடவில்லை. சாவியைப் போடுவார், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் உள்ளே இருப்பார். குழாய்ச் சத்தத்துக்குள்ளே வேறு சத்தம் கேட்கும். கதவுக்கு வெளியே நின்ற கல்லக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த மனுஷனும் போய்விடுவார் என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் மத்தியானம் அவர் பதினான்கு படியும் இறங்கி அவள் அறைக்கு வந்தார். முன்கூடத்தில் அந்தக் கல்லுக்கு எதிரே ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்திருந்தார்.

“ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. பதினோரு அடி பட்ட கல்லைப் பாத்ததும் யாரோ பண்ணியிருக்காங்கன்னு சொன்னியே. நம்ம பாப்பா காது ஞாபகம் இருக்கா? அந்த மடிப்பு, அந்த வளைவு. உள்ளே மூணு எலும்பு இருக்குன்னு டாக்டர் சொன்னாரே, அரிசி அளவுல. அதுக்கு எத்தனை அடி அடிச்சிருக்கணும்? அவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணவன், ஆறே வருஷத்துல தூக்கிப் போட்டுட்டுப் போவானா? எங்கேயோ வச்சிருக்கான். பத்திரமா வச்சிருக்கான்.”

அவள் “ம்” என்றாள். அன்றைக்கு ராத்திரி அவர் தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டார். மறுநாள் ஜீப் கிளம்பியது.

அந்த ஒற்றை ‘ம்’மைத்தான் அவர் இருபத்தோரு வருடமாகச் சான்றிதழ் போல வைத்திருந்தார். துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டில், பேருந்தில் பக்கத்தில் உட்கார்கிறவரிடம், முடிவெட்டுகிறவரிடம், எல்லோரிடமும் கல் கதையைச் சொல்லுவார். “என் வீட்டுக்காரி சொல்லிட்டா. கல்லுக்கே ஒரு கை வேணும்னா காதுக்கு வேண்டாமா?” முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுத் தலையாட்டுவார்.

அவள் தலைக்குள் நடந்தது வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் வராது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? கை பட்ட கல்லை அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? கை படாத கல்லோடு வைத்துப் பார்த்து. காதை எதோடு வைத்துப் பார்ப்பது? யாரும் செய்யாத காது என்று ஒன்று எங்கே கிடக்கிறது? எல்லாவற்றையும் ஒருவனே செய்தான் என்றால் மலையும் அவன் செய்தது, மழையும் அவன் செய்தது, மழையில் உருண்டு உடைந்த கல்லும் அவன் உடைத்தது. அப்படியானால் ‘தானாக’ என்று ஒட்டிய பெட்டியில் போட ஒரு கல்கூட மிஞ்சாதே, இத்தனை வருடம் அவள் என்னத்தைப் பிரித்தாள்? உலகம் ஒன்றுதான் இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னும் நூறு உலகம் யாரும் சாக்கில் கட்டி அனுப்பப் போவதில்லை. அந்தக் காய்ச்சல் கிருமியையும் டாக்டர் படத்தில் காட்டியிருந்தார். அதுவும் நல்ல வேலைப்பாடுதான், என்ன ஒரு ஒழுங்கு! அதைச் செய்தது எந்தக் கை? இங்கே வந்ததும் அவள் யோசனையை நிறுத்திவிட்டுச் சாக்கைப் பிரிப்பாள்.

சரி, கையே இல்லை என்று வைத்துக்கொண்டால் நிம்மதி வந்ததா? அதுவும் வரவில்லை. பிள்ளையின் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்ட விரல் அவளுடையது. அந்த மடிப்பை விரல் படித்திருக்கிறது. அது சும்மா வந்தது என்று சொன்னால் விரல் ஒத்துக்கொள்ள மறுத்தது. ஆக, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டேதான் அவள் இருபத்தோரு வருடத்தைத் தள்ளினாள்.

அவள் ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது நிலவியல் படித்த ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்தாள். இடுப்பில் எப்போதும் சுத்தியல் செருகியிருப்பாள், அதனால் இரண்டாம் நாளே சுத்தியல் என்று பெயர் விழுந்துவிட்டது. சும்மா இருக்கத் தெரியாத பெண். பழைய கோப்பைக் கிளறி, பதினோரு அடிக் கல் கிடைத்த மலையடிவாரத்தைத் தேடிப் போய், ஒரு வெள்ளிக்கிழமை காலை நான்கு சாக்குக் கல்லோடு வந்து இறங்கினாள். ஒரு வார்த்தை பேசாமல் நீள மேசையில் கல்லை வரிசையாக அடுக்கினாள். ஒரே ஒரு குழிவு உள்ள கல் ஒரு குவியல். இரண்டு உள்ளவை அடுத்தது. மூன்று, நான்கு என்று குவியல் சின்னதாகிக்கொண்டே போய் மேசையின் கடைசியில் ஏழு கல் நின்றது. ஏழிலும் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று குழிவு. எல்லாம் ஒரே பக்கம், ஒரே சாய்வு.

“அங்கே மேலே ஒரு பாறை விளிம்பு இருக்குக்கா. கீழே ஒரு வெடிப்பு. அதுல கல்லு போய்ச் சிக்கிக்குது, ஒரு ஓரம் மட்டும் வெளியே நீட்டிட்டு நிக்குது. மேலேருந்து விழற கல்லெல்லாம் அந்த ஓரத்துலயே அடிக்குது. வருஷக் கணக்கா” என்றாள் சுத்தியல். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “நான் எதுவும் சொல்லலை. நீங்களே பாருங்க” என்றாள்.

கல்லக்கா விரலை ஓட்டினாள். ஏழையும் பார்த்தாள். முன்கூடத்துக் கல்லை வரவழைத்து எட்டாவதாக வைத்தாள். கலைத்துப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி எடுத்தால் எது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

“அப்போ காது?” என்றாள்.

சுத்தியலுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கல்லக்கா பாப்பா விஷயத்தைச் சொன்ன பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “காதுக்கும் இந்த மாதிரி வரிசை இருக்குக்கா. அந்த மூணு எலும்புல ரெண்டு ஒரு காலத்துல நமக்கு முந்தின பிராணிகளோட தாடையில இருந்ததுதான். கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து காதுக்குள்ளே போனது பாறையில பதிஞ்சு கிடக்கு. நானே பாத்திருக்கேன்.”

“அப்போ யாரும் பண்ணலைங்கறியா?”

“எப்படி வந்துச்சுன்னு சொல்லுவேன். இப்படி வரட்டும்னு யாராவது நினைச்சாங்களான்னு கேட்டா, என் சுத்தியல் அந்தப் பாறையை உடைக்காதுக்கா. எங்கம்மா கடவுள் இருக்காருங்கறாங்க, எங்கப்பா இல்லைங்கறார். ரெண்டு பேரும் ஒரே தைரியத்தோட சொல்றாங்க. நான் ரெண்டு பேர்கிட்டயும் வாயே திறக்கறதில்லை.”

காப்பாட்சியர் வந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார், திங்கட்கிழமைக்குள் கல்லக்கா தன் முடிவை எழுத்தில் கொடுத்துவிட்டால் முன்கூடத்துக் கல்லின் விவர அட்டையை மாற்றிவிடலாம் என்றார். அவருக்கு அது ஒரு அட்டை. அவள் படியேறும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு ஏறினாள். அந்த அட்டையை மாற்றினால் மறுபடியும் குளியலறைக் கதவு சாத்திக்கொள்ளும், குழாய் திறந்துகொள்ளும். இந்த வயதில் அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கதவுக்கு வெளியே நின்று கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. சொல்லாமல் விடலாம் என்றால், வாரம் தவறாமல் முன்கூடத்துக்குப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷனுக்கு எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்? யாரோ சொல்லித் தெரிவதைவிட அவள் வாயால் தெரிவது மேல்.

வெள்ளி முழுக்க மென்று முழுங்கினாள். சனி முழுக்க முழுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பின்வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற ஓட்டுநருக்கு வீட்டுக் கதவுதான் வண்டி.

“என்னங்க, நம்ம கல்லு தானா உடைஞ்சதுங்க.”

அவர் எண்ணெய்க் குப்பியை நிமிர்த்தினார். “எந்தக் கல்லு?”

சொன்னாள். சாக்கு, குவியல், பாறை விளிம்பு, வெடிப்பு, ஏழு கல், ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முடித்துவிட்டுத்தான் பார்த்தாள். அவர் கதவை ஒரு முறை திறந்து சாத்திப் பார்த்தார், சத்தம் வரவில்லை.

“அந்த ஏழு தானா உடைஞ்சிருக்கும். நம்முது அப்படி இல்லை” என்றார். “நம்முதை நான்தான் உடைச்சேன்.”

“என்ன?”

“முகாம்ல பொழுது போகலை. உங்கிட்ட வந்து பேச ஒரு சாக்கு வேணும். நீ எப்பவும் கல்லைத்தானே பாப்பே. அதான் ஒண்ணைத் தட்டிக் கைக்குட்டையில மடிச்சுட்டு வந்தேன். விளையாட்டுக்குத்தான். நீ கைன்னு சொன்னதும் கண்ணாடிக்குள்ளே வச்சுட்டாங்க. அப்புறம் சொன்னா வேலை போயிடும்னு பயம்.”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். “அப்போ பாப்பா காதைப் பத்தி? அந்தக் கல்லை வச்சுத்தானே அவ்வளவும் சொன்னீங்க? உங்களுக்கே தெரியும்ல அது—”

“தெரியும். அதனாலதான் தைரியமாச் சொன்னேன்.” அவர் குப்பியின் மூடியைத் திருகினார், மறுபடியும் கழற்றினார். “கல்லுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருந்தான்னு எனக்குத் தெரியும். நான்தான் அந்த ஆள். யாரும் சொல்லாமலே நீ கல்லைப் பாத்துக் கண்டுபிடிச்சே. ஒரு கை இருந்தா அது வெளியே தெரியும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நீ சொன்னது தப்பே இல்லை.”

கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. அவர் சொல்வது நிஜம் என்றால் அவள் கண் தப்பவில்லை, ஆனால் முப்பது வருடம் கூடவே இருந்த மனுஷன் வாய் திறக்கவில்லை. பொய் என்றால் இந்த நிமிஷம், கதவுக்கு எண்ணெய் விட்ட கையோடு, இவ்வளவையும் கட்டிச் சொல்லியிருக்கிறார். முதலில் எந்தக் கல் என்று கேட்டாரே, அது எதற்கு? யோசிக்க நேரம் வேண்டும் என்றா? பொய் சொல்லும்போது அவர் பேச்சு நீளும். ஆனால் நிஜம் சொன்னாலும் நீளத்தான் நீளும், அவர் பேச்சே அப்படி. கல்லைப் பார்த்து இடது கைக்காரனா வலது கைக்காரனா என்று சொன்னவள், எதிரே நிற்கிற வீட்டுக்காரரைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாமல் விழித்தாள். கோபம் வந்தது. அழுகையும் வந்தது, எதற்கு அழுகிறோம் என்று தெரியாததால் நின்றுவிட்டது.

“உடைச்சுக் காட்டுங்க” என்றாள்.

பின்வாசலில் மதில் கட்டி மிச்சமான கல் குவிந்து கிடந்தது. அவர் குந்தி உட்கார்ந்து பொறுக்கினார். ஒன்றைத் தொடைமேல் வைத்து இன்னொன்றால் அடித்தார். கல் இரண்டாகப் பிளந்தது. வேறொன்றை எடுத்து அடித்தார், தூளாக உதிர்ந்தது. “கல்லு சரியில்லை” என்றார். மூன்றாவது நழுவிப் போய்ச் செருப்பில் விழுந்தது. “அப்போ வயசு இருந்துச்சு” என்றார். நான்காவது, ஐந்தாவது. பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திய அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு மெல்ல உள்ளே போய்விட்டார். ஒரு சில்லுகூட ஒழுங்காகத் தெறிக்கவில்லை. வெயில் ஏறியது. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ அடி கட்டை விரலில் இறங்கி நகக்கண் வழியாக ரத்தம் வந்தது.

“போதும், விடுங்க.”

“இரு, வரும்.”

“விடுங்கன்னா. நீங்க உடைக்கலை, எனக்குத் தெரியுது.”

“நான்தான் உடைச்சேன்.” அவர் நிமிரவில்லை. அடிப்பதையும் நிறுத்தவில்லை. “யாராவது ஒருத்தர் பண்ணியிருக்கணும்மா. வேற யாரும் இல்லேன்னா, நான்தான்னு இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு அதுல என்ன?”

அவளுக்கு அதில் என்ன? ஒன்றுமில்லையா, எல்லாமேவா? திங்கட்கிழமை காகிதத்தில் கை என்று எழுதுவதா, தானாக என்று எழுதுவதா, என் வீட்டுக்காரர் என்று எழுதுவதா? அந்த மனுஷனைக் கட்டிக்கொள்வதா, கல்லைப் பிடுங்கி மதிலுக்கு அப்பால் எறிவதா? ரத்தத்தைத் துடைக்கத்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினாள்.

“இப்படி நேரா அடிச்சா வராதுங்க. ஓரத்துல, சாய்ச்சு அடிங்க” என்றாள்.